நீரிழிவும் நெஞ்சத் துயரும்

வரலாறு என்றவுடன் உங்கள் நினைவிற்கு வருவன முடிமன்னர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமாகவே இருக்கும். நானும் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் அவற்றையே கற்பித்து வருகிறேன். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாறு வேறு. நீரிழிவு என்னும் நோய் மனித உள்ளத்தை எவ்வாறு வருத்தியது, அவ்வருத்தத்தைத் தணிக்க மனிதர் எவ்வாறு முயன்றனர் என்பதே அது. இப்பொருளை நானாகத் தேடிச் செல்லவில்லை. நான் செய்த பிழை ஒன்றே என்னை இதனிடம் கொண்டுவந்து சேர்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பகல் உணவு இடைவேளைக்கு முந்திய வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எனக்குச் சினம் மூண்டது. “வகுப்பில் தின்பண்டமா? வெளியே போய் நில்” என்றேன். அவன் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றான். சிறிது நேரத்தில் அவன் தோழன் ஒருவன், என் இசைவைக் கேளாமலே எழுந்து ஓடினான். நான் வெளியே சென்று பார்த்தபோது, தாழ்வாரத்தில் அந்த மாணவன் உடலெல்லாம் வியர்த்து, கைகள் நடுங்க, சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தான். தோழன் சிற்றுண்டிச் சாலையிலிருந்து சர்க்கரை கரைத்த நீரைக் கொணர்ந்து பருகச் செய்தான்.

அன்று மாலை அவன் என் அறைக்கு வந்தான். தனக்குப் பதினொன்றாம் வயது முதல் நீரிழிவு இருப்பதாகவும், நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வதாகவும் கூறினான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. “ஐயா, வகுப்பில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்பதே அவன் என்னிடம் வேண்டியது. மயங்கி விழும் நிலைக்கு வந்தவனுக்கு, அந்த மயக்கத்தைவிடப் பிறர் அறிந்துவிடுவார்களே என்னும் அச்சம் பெரிதாக இருந்தது. அது ஏன் என்னும் வினாவே என்னைப் பழைய நூல்களைப் புரட்டச் செய்தது. அவனுடைய இசைவைப் பெற்ற பின்னரே இதனை உங்களிடம் சொல்கிறேன். பெயரை மட்டும் சொல்லமாட்டேன்.

நீரிழிவு மிகப் பழைய நோய். நம் நாட்டுப் பண்டை மருத்துவர் அதனை மதுமேகம் என்றனர். நோயுற்றாரின் சிறுநீர் தேன் போல் இனிப்பதையும், எறும்புகள் அதனை நாடுவதையும் அவர்கள் கண்டறிந்திருந்தனர். சரக சம்ஹிதை மேக நோய்களின் காரணங்களை வகுத்துரைக்கும்போது, மனக்கலக்கத்தையும் துயரத்தையும் அவற்றுள் சேர்த்துக் கூறுகிறது. மேலைநாட்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவரும் 1674இல் வெளிவந்த தம் நூலில், நீண்ட நாள் துயரம் இந்நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று எழுதினார். இவ்வாறு, உள்ளத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். ஆனால் அவர்கள் துயரத்தை நோயின் காரணமாகவே கண்டனர். நோயினால் விளையும் துயரத்தை எவ்வாறு ஆற்றுவது என்பது பிற்காலத்தில்தான் ஆராயப்பெற்றது.

1889இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் மிங்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தபோது, அந்த நாய்க்கு நீரிழிவு கண்டது. நோயின் இருப்பிடம் இவ்வாறு தெரிந்தது. மருந்து மட்டும் கிடைக்கவில்லை. அந்த நாளில் இந்நோய் கண்ட சிறுவர் சில ஆண்டுகளுக்குள் இறப்பது உறுதி. பிரெடெரிக் ஆலன் என்னும் அமெரிக்க மருத்துவர், உணவை மிக மிகக் குறைத்தால் அச்சாவைச் சிறிது காலம் தள்ளிப்போடலாம் என்று கண்டார். ஆகவே பிள்ளைகள் பட்டினியால் எலும்பும் தோலுமாயினர். உண்டால் நோய் கொல்லும். உண்ணாவிட்டால் பசி கொல்லும். இந்த இரண்டிற்கும் இடையே ஒரு குழந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அத்தகைய குழந்தைகளுள் ஒருத்தி எலிசபெத் ஹியூஸ். அவள் தந்தை சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் அமெரிக்காவின் அயல்நாட்டு அமைச்சராக விளங்கியவர். 1919இல், பதினொரு வயதில், அவளுக்கு நோய் கண்டது. மூன்று ஆண்டுகள் ஆலனின் பட்டினி முறையில் உயிர் தாங்கி நின்றாள். 1922 ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோ நகருக்குச் சென்றபோது, பதினைந்து வயது நிறையும் அப்பெண்ணின் எடை 45 இராத்தலே. அஃதாவது ஏறத்தாழ 20 கிலோ. அந்நகரில்தான் பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகிய நால்வரின் முயற்சியால் இன்சுலின் கிடைத்திருந்தது. அவ்வாண்டு ஜனவரியிலேயே லியனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. எலிசபெத்திற்குப் பான்டிங்கே ஊசி போட்டார். நாளுக்கு நாள் அவள் உடல் தேறியது. ரொட்டியும் உருளைக்கிழங்கும் மீண்டும் அவள் தட்டிற்கு வந்தன. அந்த மகிழ்ச்சியைத் தாய்க்கு எழுதிய அவளுடைய கடிதங்கள் இன்றும் டொராண்டோ பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் அது மருந்தின் வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் எலிசபெத் கல்லூரியில் கற்று, மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1981இல் தம் 73ஆம் வயதில் மறையும் வரை, தமக்கு நீரிழிவு உண்டு என்பதைப் பெரும்பாலோரிடமிருந்து மறைத்தே வாழ்ந்தார். தந்தையாரின் ஆவணங்களிலும் அதுபற்றிய குறிப்புகள் இல்லாதவாறு பார்த்துக்கொண்டார். அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் வரலாற்றைப் பேணுவதற்கென ஒரு கழகத்தை நிறுவுவதில் முன்னின்றவர் அவர். வரலாற்றின் அருமை அறிந்த அவ்வம்மையார், தம் வரலாற்றில் ஒரு பக்கத்தை மட்டும் மூடி வைத்தார். அவரை நான் குறை கூறவில்லை. எந்நேரமும் நோயாளி என்றே நோக்கப்படுவதை யார்தான் விரும்புவர்? ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. இன்சுலின் அவர் உடலைப் பிழைக்கச் செய்தது. மறைத்து வாழவேண்டிய சுமையை அது நீக்கவில்லை. என் மாணவன் என் அறையில் நின்று வேண்டியதும் அதே சுமையினால்தான்.

இனி வேறொருவரைப் பார்ப்போம். ராபின் லாரன்ஸ் ஸ்காட்லாந்தில் பிறந்து, இலண்டனில் மருத்துவராக இருந்தவர். 1920ஐ ஒட்டி அவருக்கு நீரிழிவு கண்டது. குடும்பத்தார் கண்முன் இறந்து அவர்களை வருத்த வேண்டா என்று கருதி, இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்குச் சென்று அங்கே தம் முடிவை எதிர்நோக்கி வாழ்ந்தார். 1923இல் இலண்டனிலிருந்து நண்பர் ஒருவர், இன்சுலின் வந்துவிட்டது, அது பயன்தருகிறது, விரைந்து வருக என்று செய்தி அனுப்பினார். தளர்ந்த உடலோடு தாமே காரை ஓட்டிக்கொண்டு இலண்டன் சேர்ந்த லாரன்ஸ், மே 31ஆம் நாள் முதல் ஊசி பெற்றார். அதன்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார்.

தனியே இறக்கச் சென்ற அவர், தாம் பெற்ற வாழ்வைப் பிறர்க்குப் பயன்படுத்தினார். அவரிடம் மருத்துவம் பெற்றவருள் ஒருவர் புகழ்பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். இருவரும் சேர்ந்து 1934இல் நீரிழிவு உடையோர்க்கென ஒரு சங்கம் நிறுவினர். செல்வரும் வறியரும் ஒருங்கே மருந்து பெறவேண்டும், நோயுற்றார் ஒருவர்க்கொருவர் துணை நிற்கவேண்டும் என்பன அதன் நோக்கங்கள். அடுத்த ஆண்டே அச்சங்கம் ஓர் இதழையும் வெளியிட்டது. சங்கமும் இதழும் ஊசி மருந்து ஆகா என்பது உண்மையே. ஆனால் ‘இத்துன்பம் எனக்கு மட்டும் அன்று’ என்னும் எண்ணம் ஒருவன் நெஞ்சில் தோன்றுமாயின், அதுவே பாதி ஆறுதல் அன்றோ? 1950இல் அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு தோன்றியபோது லாரன்சே அதன் முதல் தலைவரானார்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின் மற்றொரு வழி கண்டார். நோயாளியும் தம் நோயைக் கற்றுத் தேர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1918இலேயே மருத்துவர்க்கும் நோயாளிக்கும் பொதுவாக ஒரு கையேடு எழுதினார். 1932 முதல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நீரிழிவுள்ள சிறுமியர்க்குக் கோடை முகாம் நடந்தது. பள்ளியில் தனித்து ஊசி போட்டுக்கொண்ட சிறுமி, அங்கே எல்லாரும் ஊசி போட்டுக்கொள்வதைக் கண்டாள். பல ஆண்டுகள் நோயோடு நலமாக வாழ்ந்தவர்க்கு ஜாஸ்லின் பதக்கமும் வழங்கினார்.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ஒழுங்காக வாழ்ந்தவர்க்குப் பதக்கம் என்றால், நோய் முற்றியவர் ஒழுங்கற்றவர் என்னும் எண்ணம் எளிதில் பிறந்துவிடும். 1930களில் உளமருத்துவர் சிலர், நீரிழிவு வருவோர்க்கென்றே ஒரு தனிவகை மனவியல்பு உண்டு என்றும் எழுதினர். பிற்கால ஆய்வுகள் அக்கருத்தை மெய்ப்பிக்கவில்லை. எனினும் நோயாளியைப் பழிக்கும் வழக்கம் எளிதில் மறையவில்லை. ‘இனிப்பைத் தின்று வரவழைத்துக்கொண்டாய்’ என்று சொல்வோர் இன்றும் உளர். என் மாணவனைப் போன்ற சிறுவர்க்கு வரும் நீரிழிவு, உடலின் காப்பாற்றலே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் வருவது. அதில் அவர்கள் பிழை யாதும் இல்லை. முதியோர்க்குப் பெரும்பாலும் வரும் மற்றொரு வகையிலும், பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு.

1993இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றன் முடிவு வெளிவந்தது. இரத்தச் சர்க்கரையை இயன்றவரை இயல்பான அளவில் வைத்திருந்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது பெரிதும் குறையும் என்பது அதனால் உறுதியாயிற்று. இது நற்செய்தியே. ஆனால் அந்த அளவைக் காக்க, நாளில் பன்முறை விரலைக் குத்திப் பார்க்கவும், ஒவ்வொரு கவளத்தையும் கணக்கிடவும் வேண்டியிருந்தது. விடுமுறையே இல்லாத வேலை அது. அச்சுமையையும் அளந்தறிய வேண்டும் என்று கருதிய வில்லியம் பொலான்ஸ்கி என்னும் உளவியலாரும் அவர் குழுவினரும், 1995இல் இருபது வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவந்த மருத்துவம், உன் உள்ளம் எவ்வாறு உள்ளது என்றும் முறையாகக் கேட்கத் தொடங்கியது. நீரிழிவுடையோரிடம் மனச்சோர்வு நோய் பிறரைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது என்பதை, பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் 2001இல் காட்டினர். சோர்ந்தவர் மருந்தை மறப்பர். மறந்தால் நோய் மிகும். நோய் மிகுந்தால் சோர்வும் மிகும். ஆதலின் மனத்தைப் பேணுதல் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.

நம் நாட்டிற்கு இவ்வரலாறு அயலானதன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இலேயே மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 2001இல் பதின்மூன்று நாடுகளில் நீரிழிவுடையோரின் மனநிலையைக் கேட்டறிந்த பெரிய ஆய்வில் இந்தியாவும் இடம்பெற்றது. ஆயினும் நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரும்போது, இந்நோய் இன்னும் மறைக்கப்படுகிறது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. நோயுற்றவரை முதலில் வைத்தார்; பேணுபவரையும் மருத்துவத்தின் கூறாகவே எண்ணினார். மாணவ நண்பர்களே, நீங்கள் மருத்துவர் அல்லீர். மருந்தும் உங்களிடம் இல்லை. ஆனால் அந்த நான்காம் இடம் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் தோழன் திடீரென்று நடுங்கி வியர்த்தால், அவன் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே இனிப்பான பானம் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் புகட்டாமல் மருத்துவ உதவியை நாடுங்கள். அவன் உண்பதைக் கண்டு ஏளனமோ இரக்கமோ காட்டாதீர்கள். பல நாள் அவன் முகம் வாடியிருந்தால், அருகில் அமர்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் அதைச் சொல்லுமாறு துணை நில்லுங்கள். அவன் உங்களை நம்பிச் சொன்னதைப் பிறரிடம் சொல்லாதீர்கள்.

அன்று என் வகுப்பில் எனக்குத் தெரிந்திராததைச் சர்க்கரை நீருக்காக ஓடிய அந்தத் தோழன் தெரிந்து வைத்திருந்தான். என் இசைவுக்காக அவன் காத்து நிற்காதது பற்றி நான் இன்றும் மகிழ்கிறேன். இப்பொழுதெல்லாம் ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் நாளிலும், “உடல்நலம் கருதி வகுப்பில் எதையேனும் உண்ண வேண்டியவர் என்னிடம் கேட்கவேண்டியதில்லை; காரணமும் சொல்லவேண்டியதில்லை” என்று அறிவித்துவிட்டே பாடத்தைத் தொடங்குகிறேன்.