தேய்ந்த வெள்ளியின் வயதைச் சொல்லும் தராசு

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றும் பணத்தை 'வெள்ளி' என்கிறார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் டாலர் உண்மையிலேயே வெள்ளி நாணயமாகப் புழங்கிய காலத்தை இச்சொல் நினைவூட்டுகிறது.

அத்தகைய நாணயம் ஒன்று தாத்தாவின் பெட்டியில் கறுத்துத் தேய்ந்து கிடைத்தால், புளி, சாம்பல், பற்பசை எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. எஞ்சிய எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். பிறகு விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சினால், ஒரு பக்கம் மன்னரின் தலையும் மறுபக்கம் சீன, ஜாவி எழுத்துகளும் மங்கலாகத் தெரியக்கூடும்.

ஆண்டு அழிந்துவிட்டதா? எடை போட்டுப் பார்க்கலாம். 1903-ஆம் ஆண்டின் ஏழாம் எட்வர்ட் டாலர் 26.95 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. வெள்ளி விலை ஏறி, நாணயத்தை உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை நெருங்கியதால், 1907-இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919-இல் ஐந்தாம் ஜார்ஜ் டாலர் 16.85 கிராம், அதில் வெள்ளி பாதிதான். தேய்மானத்தால் எடை சற்றுக் குறைந்தாலும், இம்மூன்றுக்கும் உள்ள இடைவெளி மறையாது.

பளபளப்புக்கு ஆசைப்பட்டு உரசினால், மூதாதையர் உழைப்பின் சாட்சியான நாணயம் வெறும் வெள்ளித் துண்டாகிவிடும்.