மாட்டுங்கா ஃப்ளாட்டின் பின்கதவு

மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கமோ ஃபைவ் கார்டன்ஸ் பக்கமோ தொண்ணூறு வருடப் பழைய ஃப்ளாட் ஒன்று புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தால், தரகர் முதலில் காட்டுவது உயரமான கூரையையும் முன்பக்க பால்கனியையும். அடுத்துக் காட்டுவது புத்தம் புதிய குளியலறை. அந்தக் குளியலறை இருக்கும் இடம்தான் அந்த வீட்டின் சரித்திரத்தில் மிக முக்கியமான இடம் என்பது என் கருத்து. கக்கூஸை வீட்டுக்குள் கொண்டுவந்ததால்தான் ஃப்ளாட் என்பது கௌரவமான குடும்பங்களின் இருப்பிடமாயிற்று. அப்படிக் கொண்டுவர முடிந்தது, சாதி ஏற்பாடு ஒன்றைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டியதால்தான்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அந்தப் பீதியில் 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவானது. நெரிசலான பகுதிகளை இடிப்பதும், நகரத்தின் வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தில் தெரு போட்டு மனை பிரிப்பதும் அதன் வேலை. தாதர்-மாட்டுங்கா திட்டம் அப்படி வந்தது. கட்டடங்கள் பெரும்பாலும் 1920, 30களில் எழும்பின. அவற்றில் குடியேறியவர்களில் பெரும்பங்கு பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் குமாஸ்தா, சுருக்கெழுத்து, கணக்கு வேலைகளுக்கு வந்த தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள். 1932-ல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி நடத்தத் தொடங்கிவிட்டது என்றால், குடியிருப்பு எவ்வளவு விரைவாக வேர்பிடித்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஊரில் இவர்கள் விட்டுவந்த வீடுகளில் கக்கூஸ் என்பது இருந்தால் கொல்லைக் கோடியில் இருந்தது. அடுக்களையிலிருந்து எத்தனை தூரம் தள்ளி இருக்கிறதோ அத்தனைக்கு மடி காப்பாற்றப்பட்டது. பம்பாயில் அதுவரை சாதாரணச் சம்பளக்காரர்களுக்குக் கிடைத்தது சால்தான்: வரிசையாக அறைகள், பொது நடை, நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான கக்கூஸ். யார் தொட்ட கதவை யார் தொடுவது, எந்தச் சாதிக்காரர் நமக்கு முன் போனார் என்ற கவலை அங்கே தினசரி விவகாரம். தனி ஃப்ளாட் இந்தக் கவலையைத் தீர்த்தது. ஆனால் அடுக்களைக்குப் பத்தடியில் கக்கூஸ் என்ற புதுக் கவலையைக் கொண்டுவந்தது. அதற்குக் கட்டடக்காரர்கள் கண்டுபிடித்த வழியைப் பல கட்டடங்களின் பின்புறத்தில் இன்றும் பார்க்கலாம். கக்கூஸும் குளியலறையும் தனித்தனியாக வீட்டின் பின்கோடிக்குத் தள்ளப்பட்டன. கக்கூஸுக்கு இரண்டு வழி: வீட்டார் போக உள்ளே ஒரு கதவு, துப்புரவுத் தொழிலாளி வர வெளியே ஒரு கதவு. அந்த வெளிக்கதவுக்கு ஏறிவர இரும்பில் குறுகலான சுருள் படி. முன்மாடிப்படியில் மொசைக்கும் தேக்குக் கைப்பிடியும். பின்படியில் ஓர் ஆள் உடம்பை ஒடுக்கித்தான் திரும்ப முடியும்.

இது பிளேக்குக்குப் பிந்திய சுகாதாரப் பொறியியல், இதில் சாதியைத் தேடுவானேன் என்று கேட்கலாம். பின்புறம் வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்ற விதி சுகாதாரத்துக்கானதே, அதை மறுக்கவில்லை. ஆனால் பழைய எடுப்புக் கக்கூஸ் காலத்தில் கூடையை அள்ளிச் செல்ல வீடுகளுக்கு நடுவே சந்து தேவைப்பட்டது. பம்பாயில் அதை ஹவுஸ் கல்லி என்பார்கள். அந்த வேலைக்காக நகராட்சி ஹலால்கோர் வரி என்று தனி வரியே வாங்கியது. மாட்டுங்காவில் வந்தது தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்பும் கக்கூஸ். கூடையும் இல்லை, சந்தும் வேண்டாம். தேய்த்துக் கழுவும் வேலை மட்டும் பாக்கி. அதற்கு வீட்டு வாசல் வழியே வரலாம். தொழில்நுட்பத் தேவை போன பிறகும் படி நின்றது என்றால், அதற்குத் தீட்டைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பாரிஸிலும்தான் வேலைக்காரர்களுக்குப் பின்படி உண்டு என்பார்கள். உண்டு. ஆனால் அது அடுக்களைக்கும் கூரையை ஒட்டிய வேலைக்காரர் அறைகளுக்கும் போனது. சமைக்கிறவரையே அந்தப் படியில்தான் அனுப்பினார்கள். மாட்டுங்காவின் பின்படி அடுக்களையைத் தொடாமல் கக்கூஸ் கதவில் முடிந்தது. அங்கே வர்க்கம் என்றால் இங்கே சாதி. அந்தப் படியில் ஏறியவர்களில் கத்தியவார் உள்ளிட்ட குஜராத் பகுதிகளிலிருந்து வந்து துப்புரவு வேலையில் தள்ளப்பட்ட தலித்துகள் பலர். மாட்டுங்காவைப் பற்றிய பெருமைப் பேச்சுகளில் காபி உண்டு, கோயில் உண்டு, சங்கீத சபை உண்டு, இவர்கள் இல்லை.

இந்த அமைப்பு இத்தனை காலம் கலையாமல் இருந்ததற்கு வாடகைச் சட்டமும் காரணம். 1947-ன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940-ன் அளவில் நிறுத்தியது. வீட்டுக்காரருக்கு மராமத்து செய்ய மனமில்லை, குடியிருப்பவருக்குக் காலி செய்ய மனமில்லை. குடியிருப்பு உரிமையை மாற்றிக் கொடுக்க வாங்கும் பகடிப் பணம் கைமாறியதே தவிர, சுவர் அப்படியே இருந்தது. குடியிருந்தவர்கள் சேர்ந்து கூட்டுறவு சொசைட்டியாகி வாங்கிய கட்டடங்களிலும், பெரும் விலைக்குக் கைமாறிய ஃப்ளாட்டுகளிலும்தான் உடைப்பு தொடங்கியது. இப்போது கக்கூஸையும் குளியலறையையும் ஒன்றாக்கி, பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள்.

நல்லதுதானே, அவமானத்தின் சின்னம் ஒழியட்டுமே என்பது நியாயமான வாதம். கதவு அடைபட்டதில் எனக்கும் வருத்தம் இல்லை. ஆனால் அதன் பின்னிருந்த வழக்கம் அடைபடவில்லை. வீட்டு வேலைக்கு வருகிற பெண் தான் கழுவித் துடைக்கும் கக்கூஸைப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்றும் எத்தனையோ வீடுகளில் எழுதாத சட்டம். அவருக்குக் கீழ்த்தளத்தில் அல்லது படித் திருப்பத்தில் ஓர் இருட்டுக் கழிப்பறை. புது அடுக்குமாடிகளில் வேலைக்காரர்களுக்கென்று தனி லிஃப்ட். சுருள் படி போய் மின்சாரத்தில் ஏறும் படி வந்திருக்கிறது.

ஆகவே புதுப்பித்த ஃப்ளாட் வாங்கப் போகிறவர்கள் சதுர அடிக் கணக்கோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த வீட்டில் வேலை செய்கிறவர் எந்த லிஃப்டில் வருவார், எந்தக் கழிப்பறைக்குப் போவார்? பதில் சரியில்லையென்றால், சொசைட்டியின் முதல் கூட்டத்திலேயே விதியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.