ஒலி எழுப்பாத இதயநோய்: முடக்குவாதமும் நெஞ்சுநோவும் குறித்து யாழ்ப்பாணத்தில் மருத்துவ அறிவு வளர்ந்த வரலாறு

மூட்டில் தொடங்கும் நோய் இதயத்தையும் பற்றக்கூடும் என்பது மேலை மருத்துவத்தில் இருநூறு ஆண்டுப் பழமையுடைய செய்தி. எனினும் எந்த மூட்டுநோய் இதயத்தின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது என்ற கேள்விக்கு முழுமையான விடை அண்மையிலேயே கிடைத்தது. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடலின் சொந்த மூட்டுச் சவ்வையே தாக்குவதால் விளையும் நீடித்த அழற்சியே முடக்குவாதம். அது பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் ஒருசேரத் தோன்றி, காலையில் விரல்களை மணிக்கணக்கில் விறைக்கச் செய்து, ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பீடிப்பது. இந்நோயாளர் இதய, குருதிக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் என்று 2008இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணித்தது. இவ்வளவு பெரிய ஆபத்து இத்துணைக் காலம் கண்ணில் படாமற்போனதற்குக் காரணம் மருத்துவர்களின் அசட்டை அன்று. அவர்கள் கையிலிருந்த கருவி எதைக் கேட்டுச் சொன்னதோ அதையே அவர்கள் நோயென அறிந்தார்கள் என்பதே.

யாழ்ப்பாணத்தில் மூட்டுநோய்க்கு முதலில் நாடப்பட்டவர் பரியாரியார். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களின் வழிவந்த சித்த மருத்துவம், மூட்டு வீக்கத்தையும் கைகால் உழைவையும் நெஞ்சை அடைக்கும் நோவையும் வாதத்தின் கேட்டிலிருந்தே விளக்கியது. இன்றும் நெஞ்சு நோகிறது என்றால் ‘வாய்வு பிடித்திருக்கிறது’ என்று உள்ளியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுக்கும் வீட்டுப் பழக்கம் இந்தச் சிந்தனையின் எச்சமே. மூட்டையும் நெஞ்சையும் ஒரே காரணத்தால் இணைத்தமையால் முடக்குவாதத்தின் இதயநோயை முன்னோர் அன்றே கண்டறிந்தனர் என்று வாதிடுவோர் உளர். ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் விளக்கும் முறையில் எந்த இரு நோய்களையும் இணைத்துவிடலாம் ஆதலின், அதனைக் கண்டுபிடிப்பு என்று கொள்வதற்கில்லை.

மேலை மருத்துவம் குடாநாட்டில் நிலைகொண்டது அமெரிக்க மிஷனாரால். 1819இல் வந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றினார்; நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நிறுவி, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ முதலிய பாடநூல்கள் தமிழில் வெளிவர உழைத்தார். கிறீன் பயின்ற காலத்து மருத்துவத்தில் மூட்டுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு ஏற்கெனவே உறுதிப்பட்டிருந்தது. இலண்டனில் வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் 1812இல் வாதநோயாளரின் இதயக் கேட்டைப் பற்றி எழுதியிருந்தார். 1816இல் பாரிசில் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கியபின், அதைக்கொண்டு நோயாளரின் நெஞ்சைக் கேட்ட பூயோ, கடுமையான மூட்டுக் காய்ச்சலும் இதய வால்வு நோயும் சேர்ந்தே வருவது விதிவிலக்கன்று, விதியே என்று 1836இல் நிறுவினார்.

ஆனால் பூயோ கேட்டது வாதக்காய்ச்சலின் இதயத்தை. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி தொற்றிய சிறுவரிடம் சில கிழமைகளுக்குப் பின் தோன்றி, மூட்டுக்கு மூட்டுத் தாவி மறைந்து, வால்வுகளைச் சுருக்கிப் பழுதாக்கிவிட்டுப் போகும் வேறொரு நோய் அது. முடக்குவாதத்தை லாந்திரே-போவே 1800இல் பாரிஸ் மருத்துவமனையொன்றின் ஒன்பது பெண் நோயாளரிடம் கண்டு விவரித்தார். ஆல்பிரட் பெறிங் கறொட் 1859இல் அதற்கு இன்றைய ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். அப்பெயரைப் பிரித்தானிய சுகாதார அமைச்சு ஏற்றது 1922இல், அமெரிக்க வாதநோய்ச் சங்கம் ஏற்றது 1941இல். அதுவரை இவ்விரு நோய்களும் வாதநோய் என்ற ஒரே கூரையின் கீழ்க் கிடந்தமையால், இதயத்தைக் கெடுப்பது வாதக்காய்ச்சல், கைவிரலைக் கோணச் செய்வது முடக்குவாதம் என்ற பாகப்பிரிவினை மருத்துவர் மனத்தில் வேரூன்றிவிட்டது. சுருங்கிய வால்வினூடாகப் பாயும் குருதி இரைகிறது. அழற்சியுற்ற இதய உறையும் உரசும்போது கரகரக்கிறது. இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடிகள் உட்சுவரில் கொழுப்புப் படிந்து மெல்ல அடைபடும்போதோ ஸ்டெதஸ்கோப்பில் எதுவும் கேட்பதில்லை.

இறந்தோரின் உடற்பரிசோதனைகள் முதல் ஐயத்தை எழுப்பின. உயிரோடிருக்கையில் முடக்குவாத நோயாளர் பத்தில் ஒருவரிடங்கூட இதய உறை அழற்சியின் அறிகுறி தென்படாதிருக்க, பரிசோதிக்கப்பட்ட இதயங்களில் மூன்றிலொன்று முதல் பாதி வரை அதன் தழும்பு காணப்பட்டது. குருதியிலுள்ள முடக்குவாதக் காரணியை நோர்வேயின் வாலர் 1940இல் கண்டறிந்தமையும், பெருக்கெடுத்த வீக்கத்தைக் கோட்டிசோன் வற்றச்செய்வதை ஹென்ச் 1948இல் காட்டி இரண்டாண்டில் நோபல் பரிசில் பங்குபெற்றமையும் மூட்டைப் பற்றிய அறிவைப் பெருக்கினவேயன்றி இதயத்தின் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. இலங்கையில் அக்காலத்தில் வாதநோயும் இதயமும் என்றால், வாதக்காய்ச்சல் மீளாதிருக்க மூன்று நான்கு கிழமைக்கொருமுறை பென்சிலின் ஊசி போட வரிசையில் நிற்கும் பள்ளிப்பிள்ளைகளே நினைவுக்கு வந்தனர். விரல் கோணிய நடுவயதுப் பெண்கள் அந்த வரிசையில் இல்லை.

திருப்பம் நாடி நோய் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. நாடிச்சுவரின் கொழுப்புப் படிவு குழாயில் அழுக்கு அடைவது போன்றதன்று, அது ஓர் அழற்சி நோய் என்று 1999இல் ரசல் றொஸ் எழுதினார். மூட்டில் பெருகும் அழற்சிப் பொருட்கள் குருதியோடு சுற்றி நாடிகளின் உட்சுவரையும் புண்படுத்தும் என்ற விளக்கத்துக்கு இவ்வாறு இடம் கிடைத்தது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தாதியரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, முடக்குவாதமுள்ள பெண்களுக்கு மாரடைப்பு இருமடங்கும், நோய் பத்தாண்டு கடந்தோருக்கு மும்மடங்கும் ஏற்படுவதை 2003இல் காட்டியது. 2005இல் மினசோட்டாவின் றொச்செஸ்டரிலிருந்து வெளிவந்த ஆய்வு மேலும் கலக்கம் தருவது: முடக்குவாத நோயாளர் நெஞ்சுநோவை மற்றவர்களைவிடக் குறைவாகவே முறையிட்டிருந்தனர்; உணரப்படாத மாரடைப்பும் திடீர் மரணமும் அவர்களிடமே மிகுந்திருந்தன.

இதற்கான காரணங்களுள் ஒன்றை வீட்டு அடுக்களையிலேயே காணலாம். திருவலையில் அமர்ந்து ஒரு பாதித் தேங்காயைத் திருவி முடிக்கவோ நனைந்த துணியை முறுக்கிப் பிழியவோ மணிக்கட்டு இடம்கொடாத பெண், வேகமாக நடப்பதையும் பாரம் தூக்குவதையும் எப்போதோ விட்டிருப்பாள். உழைப்பின்போது இதயத்துக்குக் குருதி போதாமையால் எழும் நோவு அவளுக்கு எழும் வாய்ப்புக் குறைவு. எழுந்தாலும், நோமாத்திரை அதனை மழுக்கிவிடும். எஞ்சிய களைப்பும் மூச்சுவாங்கலும் மூட்டுநோயின் கணக்கில் எழுதப்படும். மறுபுறம், இந்நோயாளரின் நெஞ்சுநோவு எல்லாம் மாரடைப்புமன்று. மார்பெலும்போடு விலாவும் கழுத்தெலும்பும் பொருந்தும் மூட்டுகளிலும் முடக்குவாதம் தங்கும். அவ்விடத்தை விரலால் அழுத்தினால் நோவு கூடும். மல்லாந்து படுக்கையிலும் மூச்சை ஆழ இழுக்கையிலும் குத்தி, முன்னே குனிந்து இருக்கத் தணிவது இதய உறையின் நோவு. நோமாத்திரையால் இரைப்பை புண்ணாகி எழும் எரிவு மேல்வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறும். இறுக்கிப் பிடித்து, தாடைக்கோ இடக்கைக்கோ பரவி, வியர்வையோடு வருவதே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டியது. ஆனால் பெண்களிடம் அது வெறும் அயர்வாகவும் குமட்டலாகவும் வருவதுண்டு என்பதால் இப்பாகுபாட்டை வீட்டில் வைத்து முடிவு செய்வது ஆபத்து.

யாழ்ப்பாணத்தில் இவ்வறிவு வேர்கொள்ளக் காலம் ஒத்துழைக்கவில்லை. அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் தோன்றிய பெரியாஸ்பத்திரி, 1978இல் பல்கலைக்கழக மருத்துவபீடம் தொடங்கியபின் போதனா வைத்தியசாலையாக வளர்ந்துகொண்டிருந்தபோதே உள்நாட்டுப் போர் வந்தது. 1987 ஒக்டோபரில் நோயாளரும் மருத்துவர்களும் தாதியரும் அவ்வைத்தியசாலைக்குள்ளேயே இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். பின்னர் பாதைகள் மூடி, மருந்து வருவதும் கட்டுப்பட்ட ஆண்டுகளில், மாதந்தோறும் குருதிப் பரிசோதனையும் இடையறாத மருந்தும் வேண்டும் நீடித்த நோயைக் கண்காணிப்பது எளிதாயிருந்திருக்க முடியாது. இதயச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கே போகவேண்டியிருந்தது. 2006 இறுதியில் சிக்குன்குனியா பரவி, மாதக்கணக்கில் நீளும் மூட்டுவீக்கத்தை விட்டுச்சென்றது முடக்குவாதத்தை இனங்காண்பதையும் குழப்பியது.

மருந்தே ஆபத்தாகும் பக்கமும் உண்டு. பாமசியில் துண்டின்றியும் வாங்கி விழுங்கப்படும் டைக்குளோபெனக் என்னும் நோமாத்திரையை, இதயநோய் உள்ளோருக்குக் கொடுக்கலாகாதென ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவித்தது. நீண்டகாலம் எடுக்கும், கோட்டிசோன் இனத்துப் பிரெட்னிசொலோன் குருதியமுக்கத்தையும் சீனியையும் ஏற்றும். கிழமைக்கொருமுறை மட்டும் எடுக்கும் மெதோட்ரெக்சேட்டோ அழற்சியை அடக்குவதால் இறப்பைக் குறைப்பதாக 2002இல் ஓர் ஆய்வு கண்டது. புகையிலை குடாநாட்டின் பெயர்பெற்ற பயிராகவும் சுருட்டு அதன் பெயர்பெற்ற கைத்தொழிலாகவும் இருந்தமையை இங்கே சேர்த்து எண்ணவேண்டும். புகைத்தல் முடக்குவாதத்தையும் முடியுருநாடி நோயையும் ஒருங்கே வளர்ப்பது.

ஐரோப்பிய வாதநோய்க் கழகத்தின் பரிந்துரை, வழமையான அட்டவணையில் கிடைக்கும் இதய ஆபத்தை முடக்குவாத நோயாளருக்கு 1.5 ஆல் பெருக்கச் சொல்கிறது. இலங்கைச் சுகாதார அமைச்சு 2011 முதல் தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டறியத் திறந்த நிலையங்களில் பயன்பட்ட உலக சுகாதார நிறுவன அட்டவணை வயது, பால், புகைத்தல், குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல் ஆகியவற்றையே கேட்கிறது. மூட்டைப் பற்றிய கேள்வி அதில் இல்லை. அழற்சி மிகுந்திருக்கும்போது கொலஸ்திரோல் அளவு தாழ்ந்து காட்டும் இயல்பும் உள்ளதால், விரல்கள் வீங்கிய நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி அந்த அட்டவணையில் ஆபத்துக் குறைந்த பச்சைக் கட்டத்துக்குள்ளேயே நிற்பாள்.