பிக்கப் வண்டியின் பின் டிஃபரன்ஷியல்

பின் டிஃபரன்ஷியல் என்பது இன்ஜினின் முறுக்கு விசையைப் பின் ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளித்து, திருப்பங்களில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் பல்சக்கரத் தொகுதி. வட அமெரிக்காவில் ஒரே பிக்கப் வேலைத்தளத்துக்கும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் ஓடுகிறது. சரக்குப் பெட்டி காலியாக இருக்கும்போது அதன் பின் ஆக்சில் மேல் எடை குறைவு. மழையிலும் பனியிலும் பின்சக்கரங்கள் எளிதில் வழுக்கும். ஆகவே அன்றாட வண்டிக்கான டிஃபரன்ஷியல், பிடிமானத்தோடு திருப்பத்தில் நிலைத்தன்மையும் தர வேண்டும்.

இயங்கும் முறை

சிறு பல்சக்கரமான பினியன், பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைச் சுழற்ற, அதனுடன் சுழலும் கூட்டினுள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள் இரு ஆக்சில் ஷாஃப்ட்டுகளையும் இயக்குகின்றன. சக்கரங்களுக்கிடையே 1.7 மீட்டர் அகலமுள்ள வண்டி 90 பாகை திரும்பும்போது, வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.7 மீட்டர் கூடுதலாக உருள்கிறது. இரண்டையும் இறுகப் பூட்டினால் டயர் தரையில் இழுபட்டுத் தேயும். ஆக்சிலிலும் சுமை ஏறும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் அமைப்புக்கு 1827இல் பிரெஞ்சுக்காரர் ஒனேசிஃபோர் பெக்கூர் காப்புரிமை பெற்றார். அது நீராவி வண்டிக்காக உருவானது.

வகைகள்

திறந்த வகை: இரு பக்கமும் சமமான முறுக்கு விசையே செல்லும். ஒரு சக்கரம் பனிக்கட்டியில் வழுக்கினால், அது தாங்கும் சொற்ப விசையே மறுசக்கரத்துக்கும் கிடைக்கும். விலை குறைவு, பழுதும் குறைவு. இன்றைய வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல், வழுக்கும் சக்கரத்தில் மட்டும் பிரேக் கொடுத்து இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்: உராய்வுத் தகடுகள் இரு பக்கங்களையும் ஓரளவு பிணைத்து வைக்கும். செவர்லே நிறுவனத்தின் பாசிட்ராக்ஷன் இவ்வகை. தகடுகள் காலப்போக்கில் தேயும். கியர் ஆயிலில் அதற்குரிய உராய்வுச் சேர்மானம் இல்லாவிட்டால் மெதுவான திருப்பத்தில் அதிர்வும் சத்தமும் எழும்.

பல்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப்: அமெரிக்கர் வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பிலிருந்து, இவ்வகையைச் சேர்ந்த டார்சென் வளர்ந்தது. பிக்கப்களில் ஈட்டன் நிறுவனத்தின் ட்ரூட்ராக் பெயர்பெற்றது. தேயும் தகடுகள் இல்லை; வேலை செய்வது ஓட்டுநருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒரு சக்கரம் தரையை விட்டு முழுதும் எழும்பினால் மட்டும் கைவிட்டுவிடும். அப்போது லேசாக பிரேக் மிதித்தால் ஓரளவு விசை மறுபக்கம் போகும்.

தானியங்கி லாக்கர்: டெட்ராய்ட் லாக்கர் நேராக ஓடும்போது பூட்டியே இருந்து, திருப்பத்தில் வெளிச்சக்கரம் முந்தும்போது விலகும். பிடிமானம் மிக அதிகம். ஆனால் சத்தமும் டயர்த் தேய்மானமும் கூடவே வரும். பனிச்சாலையில் இரு சக்கரங்களும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் ஓடும். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் வரும் ஈட்டனின் ஜி80 வேறு விதம். சாதாரண ஓட்டத்தில் அது திறந்த வகைபோல் இருக்கும். சக்கரங்களுக்கிடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்தால் பூட்டும். வண்டி மணிக்கு சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டினால் பூட்டாது.

ஓட்டுநர் இயக்கும் லாக்கர்: ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர் காற்றழுத்தத்திலும், டொயோட்டா டகோமாவின் ஆஃப்-ரோடு ரகத்தில் உள்ளது மின்சாரத்திலும் இயங்குகின்றன. சுவிட்ச் போடாதவரை திறந்த வகை. போட்டால் முழுப் பூட்டு. தார்ச்சாலையில் இதைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது.

பல்விகிதம்

கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பது பல்விகிதம். 41 பற்களும் 11 பற்களும் சேர்ந்தால் 3.73, 41க்கு 10 என்றால் 4.10. எண் பெரிதானால் இழுவை கூடும். அதே வேகத்தில் இன்ஜினின் சுழற்சியும் எரிபொருள் செலவும் கூடும். டயரைப் பெரிதாக்கினால் இந்தக் கணக்கு மாறிவிடும். 31 அங்குல டயரும் 3.73 விகிதமும் உள்ள வண்டிக்கு 35 அங்குல டயர் பூட்டினால், இழுவை 3.30 விகிதத்தின் அளவுக்கு இறங்கும். பழைய இழுவையைப் பெற 4.21 தேவை, 4.10 அதற்கு நெருங்கியது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் ஆக்சிலின் விகிதத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிஃபரன்ஷியல் வாங்குமுன் விகிதத்தை முடிவு செய்வது அவசியம். சில ஆக்சில்களில் விகிதத்தைப் பொறுத்துக் கூடே மாறும்: டானா 44இல் 3.73 வரை ஒரு கூடு, 3.92 முதல் வேறு கூடு. ஷாஃப்ட் முனையிலுள்ள பள்ளங்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும், ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சிலில் 28, 31 என இரு வகை உண்டு.

பொருத்துதல்

பினியனின் ஆழம், பேரிங் இறுக்கம், பற்களுக்கிடையிலான இடைவெளி ஆகிய மூன்றும் பல ஆக்சில்களில் மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்யப்படுகின்றன. பல் இடைவெளி பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் அமையும். பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, அவை ஒன்றோடொன்று படும் இடத்தைப் பார்த்து அளவு உறுதி செய்யப்படும். இதில் பிழை நேர்ந்தால் ஊளைச் சத்தம் எழும். நாளடைவில் பற்கள் உடையும். விலை உயர்ந்த பாகமும் திறமையற்ற கையில் வீணாகும் என்பதால், அனுபவமுள்ள மெக்கானிக்குக்குத் தரும் கூலியைச் செலவாகக் கருதக் கூடாது.

தேர்வு

வண்டி பெரும்பாலான நாட்களில் ஓடும் சாலையே தேர்வுக்கு அளவுகோல். வறண்ட நகரச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு டிராக்ஷன் கன்ட்ரோலுடன் கூடிய திறந்த வகை போதும். மழை, பனி, சரளைச் சாலை, டிரெய்லர் இழுவை ஆகியவை கலந்த வாழ்க்கைக்குப் பல்சக்கர லிமிடெட் ஸ்லிப் மிகப் பொருத்தமானது. வார இறுதிகளில் பாறைப் பாதையும் சேறும் உறுதி என்றால், கூடுதல் செலவைப் பொறுத்து ஓட்டுநர் இயக்கும் லாக்கரை நாடலாம். எப்போதும் பூட்டியிருக்கும் ஸ்பூல் பந்தயக் களத்துக்கானது. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதற்கு இடமில்லை.