திரை காணாத திரைக்கதைகள்

வீடு கட்டுகிறவர்கள் முதலில் சாரம் கட்டுகிறார்கள். சுவர் எழும்பிப் பூச்சு வேலையும் முடிந்த பிறகு சாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வருகிறவர் எவரும் சாரம் எங்கே என்று கேட்பதில்லை. திரைப்படக் கலையில் திரைக்கதைக்கு வாய்த்த நிலையும் இதுவே. படம் உருவாகும் வரை அதற்கு மதிப்பு உண்டு. படம் வெளிவந்ததும் அது பழைய தாளாகிவிடும்.

ஆனால், படமாக வேண்டும் என்ற நோக்கமே இன்றி, படிப்பதற்கென்றே எழுதப்பட்ட திரைக்கதைகளும் உள்ளன. படமாக வேண்டும் என்று எழுதப்பட்டு, காலம் இடந்தராமையால் நூல்களாகவே நிலைத்துவிட்டவையும் உள்ளன. இவற்றின் வரலாறு திரைப்பட வரலாற்றின் ஓரத்தில் கிடக்கும் ஒரு சிறு கிளைதான். என்றாலும், நம்பிக்கை வாழ்வுக்கு இன்றியமையாத ஒரு கேள்வியை அது நம்முன் வைக்கிறது. கண்ணுக்குக் காட்டப்படாத ஒன்றை நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதே அக்கேள்வி.

படிப்பதற்கான நாடகம்

நாடக உலகில் இது புதிய செய்தியன்று. 1891-இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் மேடைக்கு அன்றிப் படிப்புக்கே உரிய நாடகம் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். திருச்சபை வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில், செருமானிய நாட்டுக் காண்டர்ஷைம் மடத்தில் வாழ்ந்த ரோஸ்விதா என்னும் துறவற மங்கை இலத்தீன் மொழியில் ஆறு நாடகங்கள் எழுதினார். அவை நடிக்கப்பட்டனவா, மடத்தில் வாசிக்கப்பட்டனவா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

திரைப்படம் தோன்றி இருபது ஆண்டுகள் ஆகுமுன்னரே இந்த வழக்கம் அதனையும் வந்தடைந்தது. செருமானிய எழுத்தாளர் குர்ட் பிந்துஸ் தம் நண்பர்களான கவிஞர்களையும் கதாசிரியர்களையும் அழைத்து, திரைக்கெனப் புதிய கற்பனைகளை எழுதச் செய்தார். மாக்ஸ் பிராட், எல்ஸே லாஸ்கர்-ஷூலர் முதலியோரின் ஆக்கங்களைத் தொகுத்து, 1914 என்ற ஆண்டைத் தாங்கிய ‘கினோபூக்’ அதாவது ‘திரைப்பட நூல்’ என்ற தொகுதியை வெளியிட்டார். திரைப்படத்தைக் கையில் ஏந்திப் படிக்கும் நூலாகவும் ஆக்கலாம் என்ற எண்ணம் அதில் அரும்பியது.

ஃபோன்டானின் புத்தகம்

அவ்வெண்ணத்தைத் துணிவோடு முழுமையாக்கியவர் பெஞ்சமின் ஃபோன்டான். 1898-இல் ருமேனியாவின் யாஷ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் இவர். 1923-இல் பாரீஸ் சென்று, பிரெஞ்சு மொழியைத் தம் எழுத்து மொழியாக்கிக் கொண்டார். உருசிய மெய்யியலாளர் லெவ் ஷெஸ்தோவைத் தம் ஆசானாகக் கொண்டார். 1928-இல் ‘மூன்று திரைக்கதைகள்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். ஒவ்வொரு காட்சித் துண்டுக்கும் எண்ணிட்டு, ஓரிரு வரிகளில் எழுதப்பட்ட படைப்புகள் அவை. பார்வைக்கு அசல் படப்பிடிப்புத் தாள்களைப் போலவே இருக்கும். ஆனால், இவை படமாக்க முடியாதவை, படிப்பதற்கென்றே எழுதப்பட்டவை என்று முன்னுரையிலேயே ஃபோன்டான் அறிவித்துவிட்டார்.

ஏன் இந்த முடிவு? மௌனப் படங்களின் காலம் முடிந்து பேசும் படம் தலையெடுத்த நேரம் அது. கவிதைக்குத் தாளும் எழுதுகோலும் போதும். படத்துக்கோ முதலீடு வேண்டும், தணிக்கையின் ஒப்புதல் வேண்டும், பெருங்கூட்டத்தின் கைத்தட்டலும் வேண்டும். இத்தனை வாசல்களைக் கடந்து வரும் படத்தில் கவிஞனின் தரிசனம் எஞ்சி நிற்குமா என்று அவர் ஐயுற்றார். ஆகவே வாசகரின் உள்ளத்தையே திரையாகக் கொண்டார். வாசிக்கும் கணத்தில் ஒளிர்ந்து, பின் நினைவுக்குள் கரைந்து போகும் காட்சியே அவர் நாடியது. வெள்ளித்திரையை அவர் வெறுத்தவர் அல்லர். பின்னாளில் 1934-இல் வெளிவந்த ‘ராப்ட்’ என்ற படத்துக்குத் திரைக்கதை எழுதினார். 1936-இல் அர்ச்சென்டினா சென்று ‘தராரிரா’ என்ற படத்தைத் தாமே இயக்கினார். அப்படமோ மக்கள் பார்வைக்கு வராமலேயே தொலைந்து போயிற்று. எடுத்த படம் அழிந்துவிட, எடுக்க முடியாத படங்கள் நூலாக இன்றும் வாழ்கின்றன!

அவருடைய முடிவை அறியாமல் இந்நூலை மூடிவிடக் கூடாது. நாசிப் படைகளின் ஆதிக்கத்தில் இருந்த பாரீஸில், 1944 மார்ச்சு மாதம் ஃபோன்டானும் அவருடைய சகோதரி லீனும் கைதாகி, திரான்சி முகாமில் அடைக்கப்பட்டனர். ஃபோன்டானின் மனைவி ஜெனவியேவ் யூத இனத்தவர் அல்லர், கத்தோலிக்கர். அதனைக் காரணம் காட்டி நண்பர்கள் முயன்று அவருக்கு விடுதலை பெற்றனர். சகோதரிக்கோ விடுதலை கிடைக்கவில்லை. ‘அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போவதா?’ என்பதே ஃபோன்டானின் நிலைப்பாடு. மே 30-ஆம் நாள் அவுஷ்விட்சுக்குப் புறப்பட்ட இரயிலில் அவர் ஏற்றப்பட்டார். அக்டோபர் தொடக்கத்தில் நச்சுவாயு அறையில் உயிர் நீத்தார்.

அந்த மறுப்பை எந்த ஒளிப்படக் கருவியும் பதிவு செய்யவில்லை. திறந்த கதவின் முன் நின்று, வெளியேற மறுத்த அந்த மனிதரின் முகத்தை நாம் திரையில் காண வழியில்லை. ஆயினும், இதை வாசிக்கும் உங்கள் உள்ளத்தில் ஒரு முகம் எழுகிறது அல்லவா? தம் நூலால் ஃபோன்டான் எதை மெய்ப்பிக்க முயன்றாரோ, அதை அவருடைய வாழ்வே மெய்ப்பித்துவிட்டது.

இயேசுவும் பவுலும்

ஃபோன்டானின் நூல் வெளிவந்த அதே 1928-இல், டென்மார்க்கு நாட்டு இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர், புனித ஜான் ஆஃப் ஆர்க்கின் பாடுகளைப் படமாக்கி வெளியிட்டார். 1995-இல் திரைப்பட நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் அப்படமும் இடம்பெற்றது. டிரையரின் வாழ்நாள் கனவு வேறொன்று. அது நாசரேத்து இயேசுவைப் பற்றிய படம். 1940-இல் செருமானியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றியபோது, உரோமையரின் ஆட்சியில் யூதேயா பட்ட பாடு அவருக்கு விளங்கிற்று. போருக்குப் பின் அமெரிக்காவில் தங்கித் திரைக்கதையை எழுதி முடித்தார். இயேசுவை யூதராகவே, தம் மக்கள் நடுவே வாழ்ந்தவராகவே அதில் காட்டினார். இயேசுவின் சாவுக்கான பழியை யூத இனத்தின் தலையில் சுமத்திய நெடுங்காலக் கொடுமைக்கு மறுப்பாக அதை எழுதினார். அந்தத் திரைக்கதை சிலுவை மரணத்தோடு முடிகிறது. உயிர்ப்பு அதில் காட்சியாக இடம்பெறவில்லை. நம் நம்பிக்கைக்கு அது குறையே. ஆயினும் அக்குறையை நிரப்பும் கடமை வாசகரிடம் வந்து சேர்கிறது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் பணத்துக்காகக் காத்திருந்தார். 1968 மார்ச்சில் இறந்தார். படம் வரவில்லை, நூல் வந்தது. அந்நூலைப் படிக்கும்போது ஒரு செய்தி நெஞ்சைத் தொடுகிறது. இயேசுவின் பாடுகளுக்கு அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ குற்றவாளிகளாக்க இயலாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 அக்டோபர் 28-ஆம் நாள். ஒரு திரைக்கதையாசிரியர் தம் மேசையில் அமர்ந்து, அதற்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அதனை எழுதி வைத்திருந்தார்.

இத்தாலியின் பியர் பாவ்லோ பசோலினியும் இவ்வரிசையில் வருகிறார். தம்மை இறைநம்பிக்கையற்றவர் என்று கூறிக்கொண்ட இவர், மத்தேயு நற்செய்தியை 1964-இல் படமாக்கி, திருத்தந்தை 23-ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அடுத்து புனித பவுலைப் பற்றி ஒரு திரைக்கதை எழுதினார். அது படமாகவில்லை. 1975 நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில், பசோலினி கொலையுண்டார். 1977-இல் திரைக்கதை நூலாயிற்று. அதில் பவுல் இருபதாம் நூற்றாண்டில் வாழ்கிறார். எருசலேமுக்குப் பதிலாக நாசிப் பிடியில் உள்ள பாரீஸ், உரோமைக்குப் பதிலாக நியூயார்க். ஆனால் பவுல் பேசுவது மட்டும் அவருடைய திருமுகங்களின் சொற்களையே. ஃபோன்டான் கைதான அதே பாரீஸில், துன்புறுத்துவோர் பக்கம் நிற்கும் இளைஞராகவே சவுல் நமக்கு அறிமுகமாகிறார்.

திரைக்கதை என்பது வேறொரு வடிவமாக மாற விழையும் வடிவம் என்று பசோலினி 1965-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். எழுத்து தன்னளவில் நிறைவு பெறாமல், இன்னும் இல்லாத காட்சியை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. அதை எட்டிப் பிடிக்கும் உழைப்பை வாசகர் ஏற்கவேண்டும். இறையியல் பயின்றவர்க்கு இது பழகிய மொழி. பழைய ஏற்பாட்டின் முன்னடையாளங்களும் இவ்வாறே தம்மைக் கடந்த நிறைவை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன.

இஞ்ஞாசியாரின் அகக்கண்

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்தில் எங்கள் பங்கின் மறைக்கல்விச் சிறுவர்க்கு இயேசுவின் வாழ்வைப் பற்றிய திரைப்படம் ஒன்றைக் காட்டினோம். பிள்ளைகள் கண்ணீரோடு பார்த்தார்கள். நானும் மகிழ்ந்தேன். அடுத்த ஞாயிறு, இயேசுவை வரைந்து வாருங்கள் என்றேன். வந்த படங்களில் எல்லாம் ஒரே முகம். அந்த நடிகரின் முகம். ஒரு சிறுமி மட்டும் முகமில்லாமல் இரு கைகளை வரைந்திருந்தாள். கேட்டபோது, ‘சாமி, அன்றைக்குக் காய்ச்சல், நான் படம் பார்க்கவில்லை’ என்றாள். அவளுடைய படத்தின் முன் நெடுநேரம் நின்றேன்.

திரைப்படத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. திருச்சபையும் அதை இறைவனின் கொடைகளுள் ஒன்றாகவே ஏற்கிறது. ஆனால் திரை நமக்காகக் கண்டு முடித்துவிடுகிறது. வாசிப்போ நம்மையே காணச் செய்கிறது. 1521-இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டு, லயோலா மாளிகையில் படுத்திருந்த இஞ்ஞாசியார் இதை அனுபவத்தில் கண்டவர். நோய்ப்படுக்கையில் அவர் வாசித்த கிறிஸ்துவின் வாழ்க்கை நூலே அவரை மாற்றியது. பின்னர் அவர் எழுதி, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், கிறிஸ்து பிறப்பைத் தியானிப்பவர் நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் பாதையை அகக்கண்ணால் காணவேண்டும் என்கிறார். பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமவெளியா, மேடு பள்ளமா, குகை பெரியதா, சிறியதா, எவ்வளவு உயரம்? விடைகளை அவர் தருவதில்லை, நம்மிடமே விட்டுவிடுகிறார். அதோடு நில்லாமல், எளிய பணியாளராய் அக்காட்சிக்குள் நுழைந்து ஏவல் செய்யவும் பணிக்கிறார். படிப்பதற்கென எழுதப்பட்ட திரைக்கதை இதுவன்றி வேறென்ன? ஃபோன்டானுக்கு நானூறு ஆண்டுகள் முன்னரே அது எழுதப்பட்டுவிட்டது.

நாம் ஏற்கும் குரல்

நம் ஊர்களில் பாஸ்கா நாடகம் நடக்கிறது. ஒளியும் இசையும் வேடமும் நம்மை ஈர்க்கின்றன. நாடகத்தில் யூதாசைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறோம். அவன் வேறொருவன், மேடையில் நிற்பவன். ஆனால் பெரிய வெள்ளியன்று யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது வேடமில்லை, திரையில்லை. உரைப்பவர் ஒருவர், இயேசுவின் மொழிகளைக் கூறுபவர் ஒருவர், ஏனையோரின் சொற்களைக் கூறுபவர் ஒருவர் என்று குரல்கள் மட்டும் பிரிந்து ஒலிக்கின்றன. சாவுத் தீர்ப்புக் கேட்கும் கூட்டத்தின் குரல், பீடத்தின் அருகே நம் பங்கு மக்களின் வாயிலிருந்தே எழுகிறது.

அந்தக் குரலை யாருடைய குரலாகக் கேட்கிறோம் என்பதில்தான் வரலாறு தடம் புரண்டது. பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவர்கள் அதை ‘அவர்களுடைய’ குரலாகக் கேட்டார்கள். பெரிய வெள்ளியன்று யூதர் வெளியே வர அஞ்சிய ஊர்கள் ஐரோப்பாவில் இருந்தன. அந்த நச்சு ஊறிய மண்ணில்தான் பின்னாளில் அவுஷ்விட்சு எழுந்தது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்திருந்த இழிசொல்லை 1959-இல் நீக்கச் செய்த திருத்தந்தை 23-ஆம் யோவான், நம் செவியைத் திருத்த முற்பட்டார். அது நம்முடைய குரல். நம் ஊரில், நம் தெருவில், ஏழையையும் தாழ்த்தப்பட்டவரையும் நாம் கைவிடும்போது எழும் குரல்.

ஆகவே, வரும் பெரிய வெள்ளியன்று அப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது, அன்பர்களே, சற்றே கண்களை மூடிக் கேளுங்கள். வேறு எவரும் உங்களுக்காக அக்காட்சியைக் காணப் போவதில்லை. கூட்டம் எங்கே நிற்கிறது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். திரான்சி முகாமின் வாசலில் திறந்த கதவைப் புறக்கணித்து, சகோதரியின் பக்கம் திரும்பி நடந்த ஒரு யூதரையும் அப்போது நினைவில் கொள்ளுங்கள். அன்று அவர் நின்ற இடம் சிலுவைக்கு வெகு அருகில் இருக்கிறது.