வகுப்பறைக்கு வெளியே அலிகர்

அலிகர் இயக்கத்தைப் பற்றி எழுதுவோர் ஸர் ஸையித் அஹ்மத் கானின் அரசியலையும் அவருடைய குர்ஆன் விரிவுரையையும் குறித்தே பெரிதும் வாதிடுவர். அவர் நிறுவிய கல்லூரியில் மாணவர் எவ்வாறு வாழ்ந்தனர், மாலை வேளைகளில் எங்குக் கூடினர், எதைப் பேசினர், ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினர் என்பன அடிக்குறிப்புகளுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. ஆயினும் அலிகர் பிற கல்லூரிகளினின்றும் வேறுபட்டு நின்றது அங்கேதான். பாடத்திட்டம் அதற்கே உரியதாக இருந்ததில்லை. 1920ஆம் ஆண்டு வரை அதன் மாணவர் முதலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளையும், பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளையுமே எழுதி வந்தனர். அலிகர் தானே ஆக்கிக்கொண்டது விடுதி வாழ்வையும் மன்றங்களையும் அவற்றிலிருந்து பிறந்த ஒரு தோழமை உணர்வையுமே.

இதன் வித்து 1869-70ஆம் ஆண்டுகளில் ஊன்றப்பட்டது. கேம்பிரிட்ஜில் பயிலச் சென்ற மகன் ஸையித் மஹ்மூதுடன் ஸர் ஸையித் இங்கிலாந்து சென்றிருந்தார். அங்குள்ள கல்லூரிகளில் அவரைக் கவர்ந்தது விரிவுரை அன்று. ஆசிரியரும் மாணவரும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்து, ஒரே கூடத்தில் உண்டு, ஒரே திடலில் விளையாடிய முறையே. நம் மரபிலுள்ள தஅலீம், தர்பியத் என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை அவர் அழுத்திப் பேசினார். முன்னது அறிவூட்டல், பின்னது ஆளை வளர்த்தெடுத்தல். அறிவை எந்தப் பள்ளியிலும் பெறலாம், வளர்ப்புக்கோ கூடிவாழும் இடம் வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் மதரஸாக்களில் மாணவர் உண்டு உறைந்து பயிலும் வழக்கம் தொன்மையானது. ஆதலின் உறைவிடக் கல்வியை மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று மட்டும் கூறிவிடுதல் பொருந்தாது. மாலை மன்றமும் கிரிக்கெட் திடலுமே புதியவை.

1875 மே 24 அன்று மத்ரஸத்துல் உலூம் தொடங்கப்பட்டது. 1877 ஜனவரி 8 அன்று முஹம்மதன் ஆங்கிலோ-ஓரியண்டல் கல்லூரிக்கு அரசப் பிரதிநிதி லிட்டன் அடிக்கல் நாட்டினார். வகுப்பறைகளும் விடுதி அறைகளும் ஒரே நாற்புற வளாகத்தில் அமைந்தன. நடுவே ஸ்ட்ராச்சி மண்டபம். ஒரு பக்கத்தில் பள்ளிவாசல். முஸ்லிம் மாணவர்க்கு ஐவேளைத் தொழுகை கட்டாயம். ஸுன்னீ, ஷீஆ மாணவர்க்குச் சமயப் பாடமும் தொழுகையும் தனித்தனியே நடந்தன. உணவு மேசையும் விளையாட்டும் பொதுவாயின. ஹிந்து மாணவரும் தொடக்கம் முதல் பயின்றனர். தம் சமயக் கருத்துகளைப் பாடத்தில் நுழைப்பதில்லை என்னும் வாக்கை ஸர் ஸையித் காத்தார். சமயத் துறைப் பொறுப்பு பிற்பாடு தேவ்பந்தின் மௌலானா முஹம்மத் காஸிம் நானோத்தவீ (ரஹ்) அவர்களின் மருமகர் மௌலவீ அப்துல்லாஹ் அன்ஸாரீயிடம் ஒப்படைக்கப்பட்டது. அலிகரும் தேவ்பந்தும் நீரும் நெருப்பும் போல எதிர்நின்றன என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சமத்துவம் தொடக்கத்திலேயே முழுமையாக இருந்ததெனக் கூறலாகாது. கட்டணத்திற்கேற்ப அறைகள் தரம் பிரிக்கப்பட்டிருந்தன. கல்லூரி முதன்மையாக 'ஷரீஃப்' எனப்பட்ட உயர்குடி வீட்டுப் பிள்ளைகளை எண்ணியே கட்டப்பட்டது. நெசவாளரும் சிறுகைத்தொழிலாளரும் அந்தக் கனவின் ஓரத்திலேனும் இடம்பெற்றனரா என்று கேட்டால், ஸர் ஸையிதின் பேச்சுகளிலிருந்து மகிழ்ச்சி தரும் விடை கிட்டாது. இக்குறையைப் பூசி மெழுகாமல் கூறிவிட்டே மேலே செல்ல வேண்டும். துருக்கித் தொப்பியும், பின்னாளில் கறுப்பு ஷெர்வானியும் ஒரே சீருடையாக வந்தமை செல்வர்க்கும் எளியவர்க்கும் இடையிலிருந்த தொலைவைக் கண்ணுக்கேனும் மறைத்தது. அதுவும் ஒரு பயனே.

1883ஆம் ஆண்டு முதல்வராகப் பொறுப்பேற்ற தியோடர் பெக்குக்கு அப்போது வயது இருபத்து நான்குதான். கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைவராக இருந்தவர். வந்த மறு ஆண்டே, 1884இல், அம்மன்றத்தைப் போன்றதொன்றை அலிகரில் அமைத்து, தமக்கு முன்னிருந்த முதல்வரின் பெயரால் சிட்டன்ஸ் யூனியன் கிளப் எனப் பெயரிட்டார். தீர்மானம் முன்மொழிதல், எதிர்வாதம், வாக்கெடுப்பு, தேர்தல் என நாடாளுமன்ற நடைமுறைகள் அனைத்தும் அங்குப் பழக்கப்பட்டன. தலைமை முதல்வருக்கே உரியது. மாணவர் எட்டக்கூடிய உயர்ந்த பதவி துணைத்தலைவர் பதவியே. செய்தித்தாள்கள் நிறைந்த படிப்பறையும் அதனுடன் இருந்தது.

பெக்கின் நோக்கம் வெளிப்படையானது. ஆட்சிக்கு உற்றவர்களான கண்ணியவான்களை அவர் உருவாக்க விரும்பினார்; காங்கிரஸை வெறுத்தார். ஆனால் ஒரு கருவியை இளைஞர் கையிற் கொடுத்துவிட்டு, அதனை இன்னதற்கே பயன்படுத்துக என்று விதிப்பது எவருக்கும் இயல்வதன்று. எழுந்து நின்று தன் எண்ணத்தைத் தடுமாறாது உரைக்கவும், எதிரியின் சொல்லை இறுதிவரை கேட்டு மறுக்கவும், தோற்ற வாக்கெடுப்பை ஏற்கவும் பழகிய பிள்ளைகள் பிறகு முதல்வரையே கேள்வி கேட்கலாயினர். மௌலானா ஷௌகத் அலீ கல்லூரிக் கிரிக்கெட் அணியின் தலைவர். அவர் தம்பி மௌலானா முஹம்மத் அலீ 1898இல் இங்கிருந்து பட்டம் பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். மௌலானா ஹஸ்ரத் மோஹானீ 1903இல் பட்டம் பெற்ற கையோடு அதே ஊரிலிருந்து 'உர்தூ-யெ-முஅல்லா' இதழைத் தொடங்கி, 1908இல் அதில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காகச் சிறை புகுந்தார். பெக் நட்ட மரத்தில் பெக் நினையாத கனிகள் காய்த்தன.

1907 பிப்ரவரியில் இது வெளிப்பட்டது. அலிகர் கண்காட்சியில் மாணவர் ஒருவருக்கும் காவலர் ஒருவருக்கும் எழுந்த தகராறில், ஆங்கில ஆசிரியர்கள் காவலர் பக்கம் சாய்ந்தனர் என மாணவர் கருதினர். வேலைநிறுத்தம் மூண்டது, கல்லூரி மூடப்பட்டது. அதற்குச் சில திங்கள் முன்னர்தான், 1906 அக்டோபரில், முதல்வர் ஆர்ச்போல்டின் துணையோடு சிம்லாத் தூதுக்குழு அரசப் பிரதிநிதியைக் கண்டு வந்திருந்தது. பெரியோர் ஆட்சியின் வாயிலில் விண்ணப்பத்துடன் நின்றிருக்க, பிள்ளைகள் ஆட்சியின் ஆசிரியர்களை எதிர்த்து நின்றனர். கௌரவச் செயலாளர் நவாப் முஹ்ஸினுல் முல்க் இந்நிகழ்ச்சியால் மிகவும் மனம் நொந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். பின்வந்த நவாப் விகாருல் முல்க் காலத்தில் ஆங்கில ஆசிரியரின் பிடி தளர்ந்தது.

மன்றத்தைப் போலவே எண்ணத்தக்க மற்றொன்று அஞ்சுமனுல் ஃபர்ஸ், கடமைக் கழகம். 1890இல் தோன்றியது. தத்துவப் பேராசிரியர் தாமஸ் ஆர்னால்டும் ஸாஹிப்ஸாதா ஆஃப்தாப் அஹ்மத் கானும் இதற்கு உயிரூட்டினர். இஸ்லாம் பரவியது வாளால் அன்று என்பதை நிறுவி 1896இல் நூல் வெளியிட்ட அதே ஆர்னால்டுதான். பின்னர் லாஹூரில் அல்லாமா இக்பாலுக்கு ஆசிரியராக விளங்கியவர். அலிகரில் முஸ்லிம் உடை அணிந்து மாணவரோடு கலந்து பழகியவர். கழக உறுப்பினர் விடுமுறைகளில் ஊர் ஊராகச் சென்று ஏழை மாணவர்க்கு நிதி திரட்டினர். உயர்குடிப் பிள்ளை கையேந்தி நிற்பது அந்நாளில் எளிய செயலன்று. ஸர் ஸையிதே 1889இல் நிதிக்காகக் கண்காட்சி மேடையேறிப் பாடிக்காட்டி ஏளனத்திற்கு ஆளானவர். மாணவர்க்கு அவரே முன்மாதிரி. மேல் நான் சுட்டிய குறையை, கட்டணம் செலுத்த இயலாதவரை வெளியே நிறுத்திய குறையை, ஓரளவேனும் ஈடு செய்தது மாணவரே நடத்திய இக்கழகம். என் கருத்தில், அலிகர் மன்றங்களுள் தலையாயது யூனியன் அன்று, இதுவே. சொற்போரில் வெல்வது ஒரு கலை. பிறன் பிள்ளை படிப்பதற்காகத் தன் விடுமுறையை விற்பது வேறு.

அலிகரின் குரல் தெற்கேயும் எட்டியது. ஸர் ஸையித் 1886இல் தொடங்கிய முஹம்மதன் கல்வி மாநாடு 1901இல் சென்னையில் கூடியது. மறு ஆண்டு, 1902இல், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் சென்னையில் உருவாயிற்று; அதன் புதுக்கல்லூரி 1951இல் தோன்றியது. திருச்சிராப்பள்ளி ஜமால் முஹம்மது கல்லூரிக்கும் அதே ஆண்டுதான் பிறப்பு. நம் கல்லூரிகள் அலிகரிடமிருந்து தஅலீமை எடுத்துக்கொண்ட அளவுக்குத் தர்பியத்தின் அமைப்புகளை, குறிப்பாக மாணவரே நடத்தும் உதவிக் கழகத்தை, எடுத்துக்கொண்டனவா என்பது நம்மவர் ஆராய வேண்டிய பொருள்.

1920ஆம் ஆண்டு அலிகரின் தோழமைக்கு நேர்ந்த பெருஞ்சோதனை. அக்டோபர் 12 அன்று காந்தியடிகள் அலீ சகோதரர்களுடன் வந்து மாணவரிடையே பேசினார். அரசின் உதவிப் பணத்தை உதறுமாறு கோரிக்கை எழுந்தது, அறங்காவலர் மறுத்தனர். ஒரே அறையில் உறைந்தோர் இரு பிளவாயினர். வெளியேறிய மாணவருக்காக அக்டோபர் 29 அன்று அலிகரின் பள்ளிவாசலிலேயே ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா நிறுவப்பட்டது. மால்டாச் சிறையிலிருந்து மீண்டு நோயுற்றிருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அதனைத் தொடங்கிவைத்தார். தேவ்பந்தின் முதுபெரும் ஆசிரியர் ஒருவர், ஆங்கிலக் கல்லூரியை விட்டு வெளியேறிய இளைஞரிடம் தம் சமூகத்தின் நோய்க்கு மருந்து தேடினார். அதற்கடுத்த திங்கள் அவர் மறைந்தார். புதிய நிறுவனம் கூடாரங்களில் நடந்து, 1925இல் டில்லிக்குப் பெயர்ந்தது. பழைய கல்லூரியோ 1920 டிசம்பரில் பல்கலைக்கழகமாயிற்று. வெளியேறிய மாணவருள் ஒருவர் ஸாகிர் ஹுஸைன். பிரிவினையின் புழுதி அடங்காத 1948இல், தாம் விட்டுச் சென்ற அதே வளாகத்திற்குத் துணைவேந்தராக அவரே மீண்டார். பகைவராகப் பிரிந்தவர்களையும் விடாது இழுத்த அக்கயிற்றுக்குப் பெயர் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கொள்கை அன்று என்பது மட்டும் திண்ணம்.

மாணவியர் இந்த வட்டத்திற்குள் தாமதமாகவே வந்தனர். ஷைக் அப்துல்லாஹ்வும் அவர் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் தொடங்கிய பெண்கள் பள்ளி, எதிர்ப்புகளைக் கடந்து விடுதியுடன் வளர்ந்து, பின்னர் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாயிற்று. இஸ்மத் சுக்தாயீ அங்குப் பயின்றவர். ஆயினும் மைய நூலகத்தில் இளநிலை மாணவியர் உறுப்பினராவது 2014இல்கூட வழக்குக்குரிய செய்தியாக இருந்தது. 2024 ஏப்ரலில், அதே மகளிர் கல்லூரியின் முதல்வராயிருந்த பேராசிரியை நயீமா காத்தூன் துணைவேந்தரானார்; நூற்றாண்டு கடந்த பல்கலைக்கழகத்தில் அப்பதவிக்கு வந்த முதற்பெண் அவர்.

அன்றாட வழக்கங்களையும் சிறிது கூறவேண்டும். மஜாஸ் 1936இல் எழுதிய கவிதை பின்னர் இசையமைக்கப்பட்டுப் பல்கலைக்கழகப் பண்ணாயிற்று. ஷெர்வானி அணிந்தோர் எழுந்து நின்று அதனைப் பாடுவர். அக்டோபர் 17, ஸர் ஸையிதின் பிறந்த நாளில், விடுதிகள்தோறும் விருந்து. தேநீர்க் கடையில் மூத்த மாணவர் உடனிருப்பின் இளையவர் காசு கொடுக்கலாகாது என்பது எழுதாச் சட்டம். புதியவரை 'அறிமுகம்' என்ற பெயரில் வதைத்த வழக்கமும் இதே மரபின் நிழல்தான்; அதனைக் கதையாக இனிக்க இனிக்கச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. குதிரையேற்றம், ஹாக்கி, நாடகம், இசை, திரைப்படம், இலக்கியம் என ஒவ்வொன்றிற்கும் கழகம் உண்டு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் ஸஃபர் இக்பால் இத்திடலில் வளர்ந்தவர்.

தோழமை கும்பலாக மாறியதும் உண்டு. 1965 ஏப்ரல் 25 அன்று, உள்மாணவர்க்கான சேர்க்கை ஒதுக்கீடு 75 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்த கூட்டம் துணைவேந்தர் அலீ யாவர் ஜங்கைத் தாக்கிப் படுகாயப்படுத்தியது. எதிர்வாதத்தைக் கேட்கப் பழக்கிய வளாகத்தில் ஒருவர் பேசவே விடப்படவில்லை. அதன் விளைவாக வந்த அவசரச் சட்டமும் திருத்தமும் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியைச் சுருக்கின. சிறுபான்மைத் தகுதி குறித்த நெடிய வழக்குகளுக்கு அதுவே வாயில். 1967இல் உச்சநீதிமன்றம் அளித்த பாதகமான தீர்ப்பின் அடிப்படை 2024 நவம்பர் 8 அன்று எழுவர் ஆயத்தால் நீக்கப்படும் வரை, ஒரு பிற்பகலின் வெறிக்குத் தலைமுறைகள் விலை கொடுத்தன.

மாணவர் மன்றத்திற்கு 2018இல் நடந்த தேர்தலுக்குப் பின் பல ஆண்டுகள் தேர்தலே நடைபெறவில்லை. அதே 2018இல்தான், மன்றக் கூடத்தில் 1938 முதல் தொங்கிய ஜின்னாவின் படத்தை முன்னிட்டு வெளியார் கலகம் விளைத்தனர். வாழ்நாள் உறுப்பினர் ஆக்கப்பட்டோர் வரிசையில் அப்படம் அங்கு வந்தது. அவ்வரிசையில் முதலிடம் 1920இல் உறுப்பினராக்கப்பட்ட காந்தியடிகளுக்கு உரியது.