விற்பனைப் பட்டியலும் அதன் சாட்சியும்

இந்திய வர்த்தகத்தில் செய்திச் சாதனங்கள் மாறிவந்த வேகத்தையும் விற்பனைப் பட்டியல் மாறிவந்த வேகத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வோர்க்கு, பின்னது எத்துணை மந்தகதியில் நகர்ந்தது என்பது வியப்பளிக்கும். தந்தியும் டெலக்ஸும் ஃபேக்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, விலை நிலவரத்தையும் ஆர்டரையும் க்ஷணப்பொழுதில் கொண்டு சேர்த்த காலத்திலும், சரக்கோடு சென்ற பில் மட்டும், கார்பன் தாளை இடையில் வைத்து அழுத்தி எழுதப்பெற்று, ரப்பர் முத்திரையும் கையொப்பமும் தாங்கிய காகிதமாகவே இருந்துவந்தது. மூலப்பிரதி வாங்கியவருக்கு, இரண்டாம் பிரதி லாரிக்கு, மூன்றாம் பிரதி விற்றவரின் கோப்புக்கு என்னும் அந்தச் சம்பிரதாயம், 2017 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த ஜிஎஸ்டியின் விதிகளிலும் இடம்பெற்றதென்றால், அதன் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்குச் சட்ட அங்கீகாரம் நல்கியது. ஆயினும் பல கடைகளில் நிகழ்ந்தது யாதெனில், டாலி என்னும் கணக்கு மென்பொருளில் அடித்த பில்லை அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, அதையே மறுபடி ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்ப, பெற்றவரும் அதை மீண்டும் அச்செடுத்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். இதை அறியாமை என்று நகைப்பது நியாயமன்று. மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புபவர் தம்மை இன்னார் என்று கூறிக்கொண்டால் அதைச் சோதித்தறியும் ஏற்பாடு அதில் அமைக்கப்படவில்லை. ஆகவே, காகிதத்தின் மீதிருந்த அந்த மைக்கீறலைத் தவிர வேறு சாட்சியம் வியாபாரிக்குக் கிட்டவில்லை.

உண்மையான பரிணாமம் 2020 அக்டோபர் 1 அன்று தொடங்கிற்று என்பது என் அபிப்பிராயம். ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைக் கடந்த ஸ்தாபனங்கள், பிற வர்த்தகர்களுக்கு அளிக்கும் பில்லை அரசின் பதிவுத் தளத்தில் முன்னரே பதிந்தாக வேண்டும் என்னும் கட்டளை அன்று நடைமுறைக்கு வந்து, அவ்வெல்லை படிப்படியாகத் தாழ்ந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ஆயிற்று. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கைக் கொண்டு கணித்த 64 எழுத்துக்குறிகள் கொண்ட பதிவெண்ணும், மின்கையொப்பமிட்ட கியூஆர் குறியீடும் சேர்ந்த பின்னரே அது பில்லாகும். அங்ஙனம் பதியாதது விதிப்படி பில்லே அன்று. முப்பிரதிச் சம்பிரதாயம் இத்தகைய பில்லுக்கு வேண்டுவதில்லை என விலக்கப்பட்டது. பிழை நேர்ந்தால் கிழித்தெறிந்து வேறெழுதிய சுதந்திரமும் போயிற்று. பதிவுத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரமே அவகாசம், அதன்பின் கிரெடிட் நோட் போடுவதே வழி. வணிகர் தம் கைப்பட உண்டாக்கிய ஆவணம், அரசு சாட்சிக் கையொப்பமிடும் ஆவணமாக மாறிய விசேஷம் இதுவே. மின்னஞ்சலோ அதைச் சுமந்து செல்லும் கூலியாளாக நின்றுவிட்டது.

எனினும் இந்தச் சாட்சியின் எல்லையையும் கவனித்தல் வேண்டும். அந்தக் கியூஆர் குறியீட்டில் விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்களும், பில்லின் எண்ணும் தேதியும், மொத்த மதிப்பும், பிரதானப் பண்டத்தின் வகையைச் சுட்டும் ஹெச்எஸ்என் குறியும் அடங்கியுள்ளனவே அன்றி, பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எண் அடங்கவில்லை. அதனால், விற்றவரின் முகவரியை ஓரெழுத்து மட்டும் திரித்த மின்னஞ்சலிலிருந்து, பதிவெண்ணும் குறியீடும் சற்றும் பிழையாது, பில்லின் அடியில் கணக்கு எண்ணை மாத்திரம் மாற்றிய பிடிஎஃப் ஒன்று வந்து சேருமாயின், ஸ்கேனர் அதை மெய்யான பில் என்றே காட்டும். தொகையும் சரியாகவே இருக்கும். இவ்வகை மோசடியைத் தவிர்க்க எண்ணும் கணக்கர்கள், கணக்கு எண் மாறிவிட்டதாகக் கடிதம் வந்த மாத்திரத்தில், அக்கடிதத்தில் கண்ட தொலைபேசி எண்ணை விடுத்து, பழைய பேரேட்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து, பழகிய குரலைக் கேட்ட பின்னரே பணத்தை அனுப்புகின்றனர்.